முத்து எங்கே தாத்தா?

முத்து நகர் எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கியதும் என் பேரன் 'சௌக்கியமா தாத்தா?' என்று கேட்பான் என்று எதிர்பார்த்தேன். தூக்கக் கலக்கத்தோடு பிளாட்பாரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நோட்டம் விட்டவன், "முத்து எங்கே தாத்தா?" என்றான்.

"எந்த முத்து?" என்றேன். எங்கள் தெருவில் மட்டும் நாலு முத்து. அதில் இஸ்திரி போடுகிற முத்துவிடம் என் இரண்டு சட்டைகள் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

"ரயில் மேல எழுதியிருக்கே, முத்து நகர்னு. அப்ப ஊர்ல முத்து இருக்கணும்ல?"

எட்டு வயசு. நான் பதில் சொல்வதற்குள் நாலு வயசுத் தங்கை, "எனக்கு ரெண்டு" என்றாள். முத்து என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. அண்ணனுக்கு ஒன்று கிடைத்தால் தனக்கு இரண்டு என்பது அவள் கொள்கை.

மகனும் மருமகளும் சென்னையில் வேலைக்குப் போகிறவர்கள். "பத்து நாள் பாத்துக்கிடுங்கப்பா" என்று பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு அன்று சாயங்காலமே அதே ரயிலில் திரும்பிவிட்டார்கள், சரக்கு இறங்கியதும் கப்பல் கிளம்புகிற மாதிரி. நான் முப்பத்தாறு வருஷம் துறைமுகத்தில் டாலி கிளார்க். இறங்கும் சரக்கை எண்ணி, சேதாரம் பார்த்துக் கையெழுத்துப் போடுவது தொழில். பழக்க தோஷத்தில் எண்ணிப் பார்த்தேன். பேரன் 1, பேத்தி 1, பை 5. சேதாரம்: பேத்தியின் இடது முழங்காலில் ஒரு பிளாஸ்திரி. சரக்கு சரி.

முத்துக் கணக்குத்தான் இடித்தது. எங்கள் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். அப்போது எனக்கே அஞ்சு வயசு. அதற்கப்புறம் கடலுக்கடியில் பார்களில் போதுமான சிப்பி சேரவில்லை, குளிப்பும் நடக்கவில்லை. ஊருக்குப் பெயர் மட்டும் மிச்சம். இதை ஒரு குழந்தையிடம், அதுவும் காலையில் காப்பி குடிப்பதற்கு முன்னால் எப்படிச் சொல்வது? "நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன். உலகத் தாத்தாக்கள் அனைவருக்கும் பொதுவான பதில்.

நாளைக்கு என்பது மறுநாளே வந்துவிட்டது.

மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூட்டிப் போனேன். போட்டுகளைப் பார்த்தால் முத்தை மறந்துவிடுவான் என்று கணக்கு. விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. மே மாதம் அல்லவா? ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் முட்டை போட்டுப் பெருகுவதற்கான அவகாசம் என்று விளக்கினேன்.

"மீனுக்கு மெட்டர்னிட்டி லீவா?"

"அப்படித்தான்னு வச்சுக்கோயேன்."

"எங்க மிஸ்ஸுக்கு ஆறு மாசம் குடுத்தாங்களே? மீனுக்கு மட்டும் ஏன் ரெண்டு மாசம்?"

மீன்கள் சார்பில் யாராவது சங்கம் அமைத்தால் தலைவர் தயாராக இருக்கிறார்.

அடுத்த நாள் முயல் தீவு. முயலும் இல்லை என்று ஒரு தனிப் புகார். நல்லவேளையாக, தூரத்தில் ஒரு கப்பல் நின்றது. இதுதான் சமயம் என்று வ.உ.சி. கதையை ஆரம்பித்தேன். 1906ல் வெள்ளைக்காரன் கம்பெனிக்குப் போட்டியாகச் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்ததையும், பம்பாய்க்குப் போய், வந்தால் கப்பலோடு வருவேன் என்று உறுதியாக நின்றதையும் உணர்ச்சி பொங்கச் சொன்னேன். எனக்குத் தொண்டை அடைத்தது. பேரன் யோசித்துவிட்டு, "ஏன் தாத்தா பம்பாய் வரைக்கும் போனாரு? ஆர்டர் போட்டா அவங்களே கொண்டு வந்து இறக்கிடுவாங்களே?" என்றான்.

மூன்றாம் நாள் உப்பளம். கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்திகள், கரையில் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரம். பேத்தி அதைப் பார்த்தாளோ இல்லையோ, "ஸ்னோ!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். நான் வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் ஒரு கை அள்ளி வாயில் போட்டாயிற்று. அந்த முகம் போன போக்கு இருக்கிறதே! கண் இரண்டும் மூக்கைத் தேடி ஓடின. துப்பித் துப்பி ஓய்ந்தபின் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "தாத்தா, இந்த ஸ்னோ கெட்டுப் போச்சு."

அன்று சாயங்காலம் பனிமய மாதா கோயிலுக்கு அவர்களைக் கூட்டிப்போனது அவர்களுடைய ஆச்சி. இப்போது நிற்கிற கோயில் 1713ல் கட்டி முடித்தது. ஆகஸ்ட் 5 திருவிழாவுக்கு எல்லா ஜாதி மதத்தாரும் வருவார்கள். ரோமாபுரியில் ஓர் ஆகஸ்ட் மாதம் அதிசயமாகப் பனி பெய்ததாகவும், பெய்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் எழும்பியதாகவும் ஐதீகம். அந்த வழியில் வந்த பெயர்தான் பனிமய மாதா. ஆனால் தூத்துக்குடி வெயிலில் நின்றுகொண்டு 'பனி' என்று சொன்னால் யாருக்கும் கேள்வி வரும். "இங்க எப்ப ஆச்சி பனி பெஞ்சுது?" என்றான் பேரன். ஆச்சி திணறினாள். பேத்தி திணறவில்லை. "அப்பவே பெஞ்சுது. அதான் கெட்டுப் போய் உப்பாயிடுச்சு."

இரண்டு அதிசயத்தையும் ஒரே வரியில் முடித்து வைத்துவிட்டாள்.

நான் வெளியிலிருந்து பார்த்து நடுங்கியது வேறொரு சம்பவத்துக்கு. எங்கள் ஊரில் ராத்திரி பரோட்டாக் கடைகளுக்கு 'நைட் கிளப்' என்று பெயர். எந்தப் புண்ணியவான் வைத்தானோ, அதுவே நிலைத்துவிட்டது. இந்த ஊர்க்காரனுக்கு அது காதில்கூட விழாது. பேரன் சென்னைப் பாட்டியிடம் போனில் பேசினபோதுதான் விழுந்தது.

"பாட்டி, நானும் தாத்தாவும் டெய்லி நைட் கிளப் போறோம்... ஆமா, ராத்திரிதான்... ஆச்சிக்குத் தெரியாது, தாத்தா சொல்லக்கூடாதுன்னாங்க... அங்க ஒரு மாஸ்டர் அங்கிள் சட்டை இல்லாம ஆடிக்கிட்டே அடிப்பாரு. தாத்தா ரெண்டு செட் அடிச்சாங்க. நிறைய ஊத்திக்கிட்டாங்க. வரும்போது தாத்தாவால நடக்கவே முடியல."

(ஊற்றிக்கொண்டது சால்னா. நடக்க முடியாதது பொரிச்ச பரோட்டாவின் பாரம்.)

அஞ்சு நிமிஷத்தில் சம்பந்தி கூப்பிட்டார். "உடம்பு எப்படி இருக்கு சம்பந்தி?" என்று ரொம்ப மரியாதையாக விசாரித்தார். அடுத்து மருமகள். "மாமா... ஒண்ணுமில்ல... பிள்ளைங்க எதிர்ல..." என்று இழுத்தாள். பரோட்டா என்று நான் நிரூபிப்பதற்குள், பரோட்டாவே எனக்குத் தடை செய்யப்பட்ட சரக்கு என்கிற உண்மை ஆச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த வீட்டில் எனக்கு ஏற்கெனவே மதிப்பு ஒரு மாதிரி. காரணம், பேரனுக்கு என் பெயர். பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தா பெயரைத் தாங்குகிறவன் என்று தமிழ் படித்தவர்கள் சொல்வார்கள். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நாற்பத்து மூன்று வருஷமாக என் பெயரை வாயால் உச்சரிக்காத உத்தமி, இப்போது அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு 'ஏல'வும் பின்னால் ஒரு 'மூதி'யும் சேர்த்து நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிடுகிறாள். கூப்பிடும்போது கண் பேரன் மேல் இருக்கிறது. குரலில் இருக்கிற திருப்தியைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

பாட்டிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. விஞ்ஞானமே அவர்கள் கட்சி. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் ஓர்கா என்கிற திமிங்கலக் கூட்டங்களை வருஷக்கணக்கில் கவனித்திருக்கிறார்கள். சாமன் மீன் குறைந்த வருஷங்களில், குட்டி போடும் வயசைத் தாண்டிய கிழவிகள்தான் முன்னால் நீந்திக் கூட்டத்துக்கு இரை இருக்கும் இடத்தைக் காட்டுகின்றன என்று 2015ல் எழுதினார்கள். பாட்டியை இழந்த குட்டிகள் அடுத்த இரண்டு வருஷத்தில் செத்துப்போவது அதிகம் என்று 2019ல் இன்னொரு ஆராய்ச்சி. ஆவலாக, ஓர்காத் தாத்தா என்ன செய்கிறார் என்று தேடினேன். ஆண் திமிங்கலம் பெரும்பாலும் அவ்வளவு காலம் இருப்பதில்லை என்று போட்டிருந்தது. மனைவியிடம் படித்துக் காட்டினேன். "இருந்தா மட்டும்?" என்றாள்.

எட்டாம் நாள். பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை வெளியே போகக்கூடாது என்று ஆச்சி ஊரடங்கு போட்டுவிட்டாள். போனும் பிடுங்கியாயிற்று. பேரன் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, "முத்து எங்கே தாத்தா?" என்றான். இனி ஏமாற்ற இடமில்லை. உண்மையைச் சொன்னேன்.

1961ல் எங்கள் அப்பா வள்ளத்தில் போனார். முத்தெடுக்க இல்லை, கயிறு பிடிக்க. முங்குகிறவன் காலுக்குக் கல், இடுப்பில் கயிறு, சிப்பி அள்ள வலைப்பை. மூச்சை அடக்கினால் ஒரு நிமிஷம், கெட்டிக்காரனுக்கு இன்னும் கொஞ்சம். மூச்சு முட்டினால் கயிற்றை அசைப்பான். மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். கீழே இருக்கிறவன் உயிர் மேலே இருக்கிறவன் கையில். அதனால் கயிறு பிடிக்க மச்சினனைத்தான் கூட்டிப் போவார்கள் என்று சொல்வதுண்டு. தங்கச்சி தாலியை நினைத்தாவது கையை விடமாட்டான் பாருங்கள்! அப்பா பிடித்ததும் என் அத்தை புருஷன் கயிற்றைத்தான்.

"சுறா வராதா?"

"வராம மந்திரம் போடுறதுக்கு ஆள் உண்டு. கடல்கட்டின்னு பேரு. எழுநூறு வருஷத்துக்கு முன்னால மார்க்கோ போலோ எழுதி வச்சிருக்கான். கிடைக்கிறதுல இருபதுல ஒரு பங்கு மந்திரம் போட்டவங்களுக்குக் கூலியாம்."

"மந்திரம் என்ன?"

தெரியாது என்று சொல்ல எந்தத் தாத்தாவுக்கு மனசு வரும்? சட்டென்று வாய்ப்பாடு ஒன்றைத் தலைகீழாகச் சொன்னேன். பேத்தி பயபக்தியோடு கேட்டுக்கொண்டாள்.

கட்டில் வள்ளமாயிற்று. தரை கடல். கயிறு, என் நாலு முழ வேட்டி. வலைப்பைக்கு ஆச்சியின் காய்கறிப் பை, கல்லுக்குத் தேங்காய். பேத்தி கடல்கட்டி, கூலி முன்பணமாக இரண்டு பிஸ்கட். "சரி, முங்குல பேரா!" என்றேன்.

"நீங்க முங்குங்க தாத்தா. நான் கயிறு பிடிக்கிறேன். நான்தான் உங்க பேரு, அதனால நான்தான் உங்க அப்பா."

வாதத்தில் ஓட்டை இருந்தது. கண்டுபிடிப்பதற்குள் என் இடுப்பில் முடிச்சு விழுந்துவிட்டது.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற நூலில், கொற்கைப் பக்கத்து முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகளை இறக்கினார்கள் என்று இருக்கிறது. அறுபத்தொன்பது வயசில் கட்டிலுக்கடியில் தவழ்ந்து போகிறவனுக்கு அது நன்றாகப் புரியும். போனேன். ஒற்றைச் செருப்பு, ரிமோட் மூடி, தீர்ந்துபோன பேட்டரி இரண்டு, நான்தான் தொலைத்தேன் என்று மூன்று மாசமாகப் பழி சுமந்த ஆச்சியின் கண்ணாடிக் கூடு, ஒரு வெள்ளைச் சட்டைப் பித்தான். பித்தானை எடுத்துக்கொண்டு திரும்பினால் இடுப்பு வரவில்லை. பிடித்துக்கொண்டது.

விதிப்படி கயிற்றை அசைத்தேன். முழு வேட்டியும் என்மேல் வந்து விழுந்தது. மேலே ஆள் இல்லை. மாம்பழம் நறுக்குகிற சத்தம் கேட்டு அப்பாவும் கடல்கட்டியும் கரை சேர்ந்துவிட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து ஆச்சி குனிந்து பார்த்தாள். "அங்க என்ன பண்ணுதீய?"

"முத்து எடுக்கேன்."

"எடுத்தது போதும், சாப்பிட வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என்னை இழுத்தது, கடைசியில், இஸ்திரி போடும் முத்து. சட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தவன். அந்த விதத்தில் பேரனுக்கு வாக்குக் கொடுத்தபடி முத்து கிடைத்துவிட்டது. பித்தானைப் பேத்தி வாங்கிக்கொண்டு, "இன்னொண்ணு?" என்றாள்.

பத்தாம் நாள் மகன் வந்தான், மருமகளுக்கு லீவு கிடைக்காமல் தனியாக. வந்தவனைப் பை இறக்கக்கூட விடாமல் வேட்டியால் கட்டிவிட்டார்கள். எண்பத்தைந்து கிலோ. கட்டில் மேல் கயிறு பிடிக்கிற இடத்தில் நான்.

"பயப்படாம முங்குப்பா. தாத்தா சூப்பரா கயிறு பிடிப்பாங்க. விடவே மாட்டாங்க" என்றான் பேரன். (தான் விட்டதைச் சொல்லவில்லை.)

மகன் சிரித்தான். "அப்படியா? எங்க காலத்துல தாத்தாவுக்குக் கயிறு பிடிக்க நேரமே கிடையாதுடா. ஏழு வயசு வரைக்கும் எனக்கு அப்பான்னா ஒரு மக்ரூன் பொட்டலம்."

எல்லோரும் சிரித்தார்கள். சத்தமாகச் சிரித்தது நான்தான். சுருக்கென்று தைத்தால் அப்படித்தான் சிரிப்பு வரும்.

அவன் சொன்னது பொய்யில்லை. கப்பல் வந்துவிட்டால் எனக்கு ராத்திரி பகல் கிடையாது. ஓவர்டைம் கிடைத்தால் விடமாட்டேன். வீட்டுக் கடன் இருந்தது. அவன் எழுந்திருக்குமுன் போய், தூங்கினபின் வருவேன். வருகிற வழியில் பேக்கரியில் மக்ரூன் வாங்கி, அவன் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுப்பேன். முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு மூன்றையும் வைத்து எங்கள் ஊர்க்காரர்கள் செய்கிற அதிசயம் அது. காலையில் அவன் கண் விழித்தால் மக்ரூன் இருக்கும், அப்பா இருக்கமாட்டார். லட்சக்கணக்கான மூட்டைகளை ஒன்றுகூடத் தவறவிடாமல் எண்ணினவன், வீட்டில் இருந்த ஒரே சரக்கை எண்ணாமல் விட்டுவிட்டேன்.

வ.உ.சி. கப்பலுக்காகப் பம்பாயில் நின்றபோது ஊரில் மூத்த மகனுக்கு உடம்பு சரியில்லை, மனைவி கர்ப்பிணி. நண்பர்கள் திரும்பச் சொல்லியும் அவர் திரும்பவில்லை. அவர் பிள்ளையை விட்டுப் போனதற்குத் தேசம் என்று ஒரு காரணம் உண்டு. என் காரணம் ஓவர்டைம்.

எங்கள் ஊரில் 1973ல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் சிப்பிக்குள் ஒரு சின்ன மணியை வைத்து முத்து விளைவித்துக் காட்டினார்கள். சிப்பியால் அந்த மணியைத் துப்ப முடியாது. அதனால் அதன்மேல் பூசிக்கொண்டே இருக்கும். பேரப்பிள்ளைகளோடு உப்பளத்திலும் கட்டிலுக்கடியிலும் நான் போட்ட ஆட்டமெல்லாம் அந்தப் பூச்சுத்தானோ என்று அன்றைக்குத் தோன்றியது. ஆனால் பூச வேண்டிய ஆள் பக்கத்திலேயே, இடுப்பில் என் வேட்டியோடு நின்றுகொண்டிருந்தான். பேரன் வந்ததும் பழைய கடன் தீர்ந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். கடன் கொடுத்தவன் வேறு ஆள் அல்லவா?

அன்று ராத்திரி எல்லோரும் தூங்கினபின், ரயிலுக்கென்று வாங்கி வைத்திருந்த மக்ரூன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். பாயில் பிள்ளைகளுக்கு நடுவே மகன். சத்தமில்லாமல் தலைமாட்டில் வைத்தேன். பழைய பழக்கம், கை நடுங்கவில்லை.

"வச்சிட்டு ஓடிராதீங்கப்பா. உக்காருங்க" என்றான். தூங்கவில்லை.

உட்கார்ந்தேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. "மூணாங் கிளாஸ்ல உனக்கு யாருடே வாத்தியார்?" என்று கேட்டேன். சொன்னான். சைக்கிள் யார் கற்றுக்கொடுத்தது என்றேன். எதிர் வீட்டு மாமா என்றான். முதல் நாள் சாக்கடையில் விழுந்ததையும், அம்மாவிடம் மறைக்கக் குழாயடியில் டிராயரை அலசிப் பிழிந்து ஈரத்தோடு போட்டுக்கொண்டு வந்ததையும் சொன்னான். பேரனுக்குக் கேட்டுவிடாமல் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். முப்பத்து மூன்று வருஷம் தாமதமாக வந்து சேர்ந்த சரக்கு. சேதாரம் அதிகமில்லை. இரண்டு மணி வரை எண்ணினோம்.

காலையில் பேரன் வெறும் பொட்டலத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மக்ரூன் எங்கே தாத்தா?"

"அதுவா? அது 1961க்கு அப்புறம் கிடைக்கிறதில்லை" என்றேன்.